பிரஸ் மீட் முடிந்த பிறகு

முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்திருக்கும் இதழியல் மாணவர்களே, இன்றைய பேச்சில் பெரும்பகுதி உங்களுக்குத்தான்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் சங்கப் பாடலோ பிரபந்தமோ கேட்கலாம் என்று வந்தவர்கள் இரண்டொருவர் இருக்கக்கூடும். அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேசப்போவது கஞ்சாவைப் பற்றி, கொக்கைனைப் பற்றி, கள்ளில் கலக்கிற தூக்க மாத்திரைப் பொடியைப் பற்றி. இவற்றைப் பத்திரிகைகள் எப்படி எழுதின, எதை எழுதாமல் விட்டன என்பதைப் பற்றி. ஊர் ஹைதராபாத். சில காலம் அங்கே கிரைம் பக்கத்துக்கு எழுதியவன் நான். ‘அது நம் ஊர் விவகாரம் இல்லை’ என்று சென்னைக்காரர்கள் சாய்ந்து உட்கார வேண்டாம். 2025 மே மாதம் நுங்கம்பாக்கத்து மதுக்கூடம் ஒன்றில் நடந்த கைகலப்பு, அடுத்த மாதமே இரண்டு திரைப்பட நடிகர்களின் கைதில் போய் நின்றதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஹைதராபாத்தின் இரவு வாழ்க்கை என்றால் முதலில் ஜூபிலி ஹில்ஸ். ரோடு நம்பர் 10, 36, 45. பக்கத்தில் பஞ்சாரா ஹில்ஸ். அங்கிருந்து இறங்கினால் மாதாப்பூர், கச்சிபௌலி. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது, பின்னாலேயே ஐ.டி. சம்பளம் வந்தது, சம்பளத்தின் பின்னாலேயே பாறைக் குன்றுகளின் மேல் பப்கள் வந்தன. குன்றின் அடிவாரத்தில் கிருஷ்ணா நகர் இருக்கிறது. துணை நடிகர்களும் லைட்மேன்களும் வாடகைக்கு இருக்கிற சந்துகள். சனிக்கிழமை நள்ளிரவு ரோடு நம்பர் 36இல் நின்றால் காட்சி ஒன்றுதான்: கார் சாவிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் வாலே பையன்கள், பூட்டிய நகைக்கடையின் படிக்கட்டில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், ஆட்டோவுக்கு இருமடங்கு கேட்கும் டிரைவர், சிகரெட்டோடு சுருட்டும் காகிதமும் விற்கிற பான் டப்பா, இத்தனைக்கும் நடுவே யாரையோ எதிர்பார்த்து எஞ்சினை அணைக்காமல் நிற்கும் ஒரு பைக். மாடிகளில் பாட்டு நின்றாலும் தெருவில் ஒரு மணி நேரத்துக்குக் கூட்டம் குறையாது. அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தூக்கம் கெட்டு நீதிமன்றம் போய், 2022 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் இரவு பத்து மணிக்குமேல் பப்களில் பாட்டு கூடாது என்று இடைக்கால உத்தரவே வாங்கினார்கள்.

அந்தத் தெருவில் நடப்பதை எழுத வேண்டுமானால் நிருபர் அந்தத் தெருவில் நிற்க வேண்டும். நாங்கள் நின்றதெல்லாம் கமிஷனர் அலுவலகத்தில். வாட்ஸ்அப் குழுவில் ‘பிரஸ் மீட், 12 மணி’ என்று வரும். போனால் மேஜைமேல் விரிப்பு. அதன்மேல் லேபிள் ஒட்டிய பொட்டலங்கள், கைப்பேசிகள், சின்னத் தராசு, விசிறிபோல் பரப்பிய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். பின்வரிசையில் முகத்தை மூடிய நாலைந்து பேர். அதிகாரி பேசுவார்; பிரஸ் நோட் கைக்கு வரும்; டீ வரும். மாலைக்குள் செய்தி தயார். இதில் புலனாய்வு எங்கே இருக்கிறது? அதிகாரி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் தன் கதையைச் சொல்கிறார். அதையே நம் கதையாக அச்சடித்துவிட்டுப் புலனாய்வு என்று பெயர் போட்டுக்கொள்வதுதான் வேடிக்கை.

அந்த மேஜையிலிருந்து வருகிற எண்ணை மட்டும் ஒருமுறை உரசிப் பாருங்கள். 2025 செப்டம்பரில் மும்பைப் பக்கத்து மீரா பயந்தர் போலீசார் ஹைதராபாத்தின் செர்லப்பள்ளித் தொழிற்பேட்டையில் மெபட்ரோன் என்ற போதைப்பொடி தயாரித்த ஆலை ஒன்றைப் பிடித்தார்கள். நல்ல வேலை. மறுநாள் நாடு முழுக்க ‘12,000 கோடி ரூபாய்ப் போதைப்பொருள்’ என்று தலைப்பு. கையில் கிடைத்த பொடி ஏறக்குறைய ஆறு கிலோ. வகுத்தால் ஒரு கிராம் இரண்டு கோடி ரூபாய்! மீதியெல்லாம் பீப்பாய்களில் இருந்த ரசாயனம். அது முழுக்கப் பொடியாகி, பொடி முழுக்க விற்று, விற்ற காசு முழுக்கக் கைக்கு வந்தால் என்ற கற்பனைக் கணக்கைத்தான் தலைப்பாக்கினோம். செய்தி அறையில் ஒருவர்கூடக் கால்குலேட்டரைத் தொடவில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது 2017க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஜூலை முதல் வாரம், எல்எஸ்டி, எம்டிஎம்ஏ விற்றதாக ஓர் இசைக்கலைஞர் உட்படச் சிலரைத் தெலங்கானா கலால் துறை கைது செய்தது. அத்துறையின் அமலாக்க இயக்குநர் அக்குன் சபர்வால் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. பிடிபட்டவர்களின் கைப்பேசிகளில் இருந்த எண்களை வைத்து, ஜூலை 19 தொடங்கி ஆகஸ்ட் 1 வரை, ஏறக்குறைய நாளுக்கு ஒருவராகத் தெலுங்குத் திரையுலகத்தினர் பன்னிரண்டு பேரை கலால் துறை அலுவலகமான நாம்பள்ளி ஆப்காரி பவனுக்கு வரவழைத்தார்கள். முதலில் வந்தவரை விசாரித்தது பத்து மணி நேரத்துக்கு மேல். வாசலில் நேரலை வண்டிகள் வரிசை கட்டின. காரின் கண்ணாடி, இறங்கிய கால், சட்டையின் நிறம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் செய்தி. பிக் பாஸ் வீட்டுக்குள் இருந்த ஒரு நடிகை அங்கிருந்து கிளம்பி வந்து விசாரணைக்கு ஆஜரானார். ஒரு காமிராக் கூட்டத்திலிருந்து இன்னொரு காமிராக் கூட்டத்துக்கு. இன்னொரு நடிகை, என் சம்மதம் இல்லாமல் ரத்தமும் முடியும் நகமும் எடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் போனார். சம்மதம் வேண்டும் என்று நீதிமன்றமும் சொன்னது.

அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர்களை இந்த மேடையில் நான் சொல்லப்போவதில்லை. சொல்லாமலே உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். என் புகாரே அதுதான்.

பிறகு என்ன நடந்தது? நான்கு ஆண்டு கழித்து, 2021இல், மத்திய அமலாக்கத் துறை பணப்பரிமாற்றக் கோணத்தில் அதே முகங்களைத் திரும்ப அழைத்தது. வண்டிகளும் திரும்ப வந்தன. தாமாக முன்வந்து மாதிரி கொடுத்த இருவரின் தடயவியல் சோதனையில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்று அதே ஆண்டு தெரிந்தது. குற்றப்பத்திரிகை எட்டு வழக்குகளில் தாக்கலாகியிருந்தது. 2024 தொடக்கத்தில் நாம்பள்ளி நீதிமன்றம் அவற்றில் ஆறு வழக்குகளை ஆதாரம் போதவில்லை என்று தள்ளுபடி செய்தது. ஆப்காரி பவன் வாசலில் இரண்டு வாரம் குடியிருந்த வண்டிகளில் எத்தனை அன்றைக்கு நீதிமன்ற வாசலுக்கு வந்தன என்று தெலுங்குத் தொலைக்காட்சி நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2017இல் அதே அதிகாரிகள் வேறொன்றும் சொன்னார்கள். வாங்கியவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; சரக்கு இணையத்தின் மறைவுச் சந்தையிலிருந்து தபாலிலும் கூரியரிலும் வருகிறது என்றார்கள். எல்எஸ்டி ஊறிய தபால்தலை அளவுத் தாள் ஒன்று எந்த நாட்டிலிருந்து, எந்தத் தபால் நிலையம் வழியாக, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் ஒரு பத்தாம் வகுப்புப் பையனின் கைக்கு எப்படி வந்தது? எழுத வேண்டிய கதை அதுதான். அதைத் தேடி எழுத மாதக்கணக்கில் ஆகும். நடிகர் காரிலிருந்து இறங்குவதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். எதைத் தேர்ந்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

இதே நோய் பஞ்சாரா ஹில்ஸிலும் கண்டது. 2022 ஏப்ரல் 3, ஞாயிறு அதிகாலை, ஒரு நட்சத்திர ஓட்டலுக்குள் இருந்த பப்பில் போலீஸ் அதிரடிப்படை நுழைந்தது. கிடைத்தது நான்கரை கிராமுக்குச் சற்று மேல் கொக்கைன். பிடித்துக்கொண்டு போனது ஏறக்குறைய நூற்றைம்பது பேரை. போலீஸ் நிலைய வாசலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிய பெண்களை விரட்டி விரட்டிப் படம் பிடித்தார்கள். முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றவர்கள் விடுதியை நடத்தியவர்களும் மேலாளரும் என நாலே பேர். மற்றவர்கள் விவரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனால் அன்றே இன்னொன்று நடந்தது. அந்தக் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். உதவி ஆணையருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பு கொடுக்கப்பட்டது. அப்போதைய கமிஷனர் சி.வி. ஆனந்த் எடுத்த நடவடிக்கை அது. ஒரு புலனாய்வு நிருபருக்கு அதைவிடப் பெரிய கதவு திறக்குமா? அந்த விடுதிக்கு எந்த அடிப்படையில் விடிய விடிய நடத்த உரிமம் கிடைத்தது, கலால் ஆய்வாளர் கடைசியாக எப்போது உள்ளே போனார், முந்தைய புகார்கள் எந்தக் கோப்பில் தூங்கின? இந்தக் கேள்விகளை நாம் துப்பட்டாவுக்குப் பின்னால் தொலைத்தோம்.

அந்த வட்டாரத்துக் குற்றம் போதையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2022 மே 28 அன்று ஜூபிலி ஹில்ஸ் பப் ஒன்றில் பகல் விருந்துக்கு வந்த சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை நாடே அறியும். அந்த வழக்கில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் பிரஸ் மீட் வைத்துக் காட்சிகளைக் காட்டினார். பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியானதாக அவர்மேல் வழக்கு பதிவானது. அந்த அறையில் காமிரா பிடித்து நின்றவர்களும் பத்திரிகையாளர்கள்தான்.

குன்றுக்கு ஒரு நியாயம், பழைய நகரத்துக்கு ஒரு நியாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தூல்பேட் என்றொரு பேட்டை. பிள்ளையார் சிலை செய்வார்கள், பட்டம் செய்வார்கள், ராக்கிக் கயிறு பின்னுவார்கள். ஒரு காலத்தில் குடும்பா எனப்படும் கள்ளச்சாராயத்துக்கும் பேர் போன இடம். அரசு அதை ஒடுக்கியது. மாற்றுத் தொழில் தருவோம் என்ற பேச்சு பெரும்பாலும் பேச்சோடு நின்றது. சாராயம் காய்ச்சியவர்களில் ஒரு பகுதியினர் கஞ்சாவுக்கு மாறினார்கள். 2021 அக்டோபரில் ஊர் முழுக்கக் கஞ்சா வேட்டை நடந்தபோது பைக்கில் போன இளைஞர்களை நிறுத்தி, கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்று தட்டித் தேடிப் பார்த்தார்கள் போலீசார். காணொளி பரவி, வழக்கறிஞர்கள் கேள்வி கேட்டபோது, யாரையும் வற்புறுத்தவில்லை என்று பதில் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொல்லி நான்காண்டு ஆகியிருந்தது. ஜூபிலி ஹில்ஸ்காரருக்கு நோட்டீஸ் போகும், அவர் வக்கீலோடு வருவார். தூல்பேட் பையன் நடுரோட்டில் கைப்பேசியைத் திறந்து காட்ட வேண்டும்.

வெளிநாட்டார் விஷயமும் இப்படித்தான். சில வழக்குகளில் நைஜீரியர்கள் பிடிபட்டது உண்மை. ஆனால் கறுப்பாக இருந்தால் நைஜீரியர் என்று எழுதுகிற பழக்கம் செய்தி அறையில் ஊறிவிட்டது. டோலிசௌக்கிப் பகுதியில் வாடகைக்கு இருக்கும் சூடான், சோமாலிய மாணவர்கள் வீடு கிடைக்காமல் அலைவதில் நம் தலைப்புகளுக்கும் பங்கு உண்டு.

இனி 2025 ஜூலை. அந்த மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் ஹைதராபாத்தில் மூன்று செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அப்போதுதான் மாநிலப் போதைத் தடுப்புப் பிரிவுக்கு ‘ஈகிள்’ என்று புதுப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஒன்று, கொம்பல்லி உணவக உரிமையாளர் ஒருவர் கைது. பெண்கள் செருப்பின் குதிகாலுக்குள் வைத்துக் கூரியரில் கொக்கைன் வந்தது என்றது போலீஸ். பப்களின் பெயர்கள், பெரிய இடத்துப் பிள்ளைகளின் பெயர்கள் வெளிவந்தன.

இரண்டு, கச்சிபௌலியில் ஒரு வங்கிக் கிளை அருகே ஈகிள் விரித்த வலை. மகாராஷ்டிரத்திலிருந்து கஞ்சா கொண்டுவரும் ஒருவர், சரக்கு வந்ததும் தன் வாடிக்கையாளர்களுக்கு ‘பாய், பச்சா ஆ கயா பாய்’, அதாவது ‘அண்ணே, பிள்ளை வந்தாச்சு’, என்று செய்தி அனுப்புவாராம். ஐம்பது கிராம் பொட்டலம் மூவாயிரம் ரூபாய். போலீஸ் அந்த இடத்தில் காத்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் பதினான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். பலர் ஐ.டி. ஊழியர்கள். ஒரு கணவனும் மனைவியும் தங்கள் நாலு வயதுக் குழந்தையோடு வந்திருந்தார்கள். பதினான்கு பேரையும் சிறைக்கு அனுப்பாமல் போதை மீட்பு சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் மறுநாள் எல்லாப் பத்திரிகைக்கும் தலைப்பு அந்தக் குழந்தைதான்.

மூன்று, கூகட்பள்ளிப் பக்கத்துக் ‘கள்ளு காம்பவுண்டு’ எனப்படும் கடைகளில் குடித்தவர்கள் வாந்தியும் பேதியுமாகச் சரிந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து நிம்ஸ் மருத்துவமனையில் டயாலிசிஸ். பலர் இறந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், வயதானவர்கள், பெண்கள். அந்தக் கள்ளைச் சோதித்தபோது ஆல்ப்ரஸோலம் இருந்தது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் டாக்டர் எழுதித் தருகிற மருந்து. தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை என்பதால் நமக்கு இது புதிதாகத் தெரியலாம். தெலங்கானாவில் கள்ளுக் கடை சட்டப்படியானது. ஹைதராபாத்தில் மட்டும் 2004இல் மூடியதை 2014இல் சந்திரசேகர ராவ் அரசு திறந்தது. ஒரு நகரத்தின் தாகத்துக்கு வேண்டிய அளவு கள் தர அங்கே மரங்கள் இல்லை. தண்ணீர், சர்க்கரைப் பொருள், பொடி கலந்து ‘கள்’ தயாராகிறது. குடித்தவருக்கு அடுத்த நாளும் அதே கடை வேண்டும். 2015இல் கலப்படக் கள்ளைத் திடீரென்று ஒடுக்கியபோது நிஜாமாபாத், மகபூப்நகர் பக்கம் நூற்றுக்கணக்கானவர்கள் கைகால் நடுங்கி, பிதற்றி, ஆஸ்பத்திரிகளில் நிரம்பியது இதனால்தான்.

இந்த மூன்றில் எதற்கு எத்தனை பத்தி கிடைத்தது என்று அளந்து பாருங்கள். கொக்கைனுக்கும் குழந்தைக்கும் முதல் பக்கம். கள்ளில் செத்தவர்களுக்கு மரண எண்ணிக்கை ஏறுகிற வரை இடம். பிறகு அதுவும் இல்லை. எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், கஞ்சா வகைகள் 2.8 சதவீதம், தூக்க, மயக்க மருந்துகள் 1.08 சதவீதம், கொக்கைன் 0.10 சதவீதம். மயக்க மருந்து கொக்கைனைப் போலப் பத்து மடங்கு பேரைப் பிடித்திருக்கிறது. நம் மை மட்டும் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது.

கள்ளில் கலக்கும் அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது? ஹைதராபாத் இந்தியாவின் மருந்து ஆலைத் தலைநகரங்களில் ஒன்று. பாலாநகரில் பொதுத்துறை ஐடிபிஎல் ஆலை வந்தது. அதில் பழகிய வேதியியலாளர்கள் வெளியே வந்து தொழில் தொடங்கினார்கள். டாக்டர் ரெட்டிஸ் நிறுவிய அஞ்சி ரெட்டியும் அங்கே வேலை பார்த்தவர்தான். ஜீடிமெட்லா, பொல்லாரம், படான்செரு என்று ரியாக்டர்கள் பெருகின. உலகத்துக்கு மலிவு மருந்து கொடுத்த பெருமை அந்த ஊருக்கு உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. அதே திறமையும் அதே பாத்திரமும் நொடித்துப்போன ஷெட்டுகளில் வாடகைக்குக் கிடைக்கின்றன என்பது அதன் மறுபக்கம். 2023 டிசம்பரில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் அங்கே இரண்டு ரகசியக் கூடங்களில் சுமார் 25 கிலோ மெபட்ரோன் பிடித்தது. 2025 செப்டம்பரில் பழைய போயினபள்ளியில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே ஆல்ப்ரஸோலம் காய்ச்சியதை ஈகிள் கண்டுபிடித்தது. கீழே பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்க, மேலே ரசாயனம் கொதித்திருக்கிறது. போனது மகபூப்நகர்ப் பக்கத்துக் கள்ளுக் கடைகளுக்கு என்றார்கள்.

பப் வாசலில் நிற்கும் நிருபரைவிட, ஜீடிமெட்லாவில் எந்த ஷெட் யார் பெயரில் வாடகைக்குப் போகிறது, மூடிய ஆலையில் மின்மீட்டர் ஏன் ஓடுகிறது, எந்தப் பீப்பாய் எந்த ரசீதில் வந்தது என்று பார்க்கிற நிருபர் இந்தத் தொழிலின் கழுத்துக்கு அருகில் இருக்கிறார். அவருக்கு வேதியியல் பட்டம் வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கோப்பும் பொறுமையும் போதும். கஞ்சாவுக்கும் இதே வழிதான். அது வருவது ஆந்திர ஒடிசா எல்லை மலைகளிலிருந்து. 2022 பிப்ரவரியில் ஆந்திர போலீசார் அனகாபள்ளி அருகே இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துக் கொளுத்தினார்கள். படம் பிரமாதமாக வந்தது. அந்தச் செடியைப் பயிரிட முன்பணம் கொடுத்தவர் யார், ஆதிவாசிக்குக் கிடைத்தது எவ்வளவு என்று மலையேறிப் போய்க் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அப்படிக் கேட்டவர்களும் பெரும்பாலும் பெயர் வெளிவராத, சொற்பச் சன்மானம் வாங்குகிற மண்டல நிருபர்கள்.

மாணவர்களுக்குச் சட்டம் பற்றிக் கொஞ்சம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இல் வந்தது. அளவைப் பொறுத்துத்தான் தண்டனை. கஞ்சா ஒரு கிலோ வரை சிறு அளவு, இருபது கிலோவிலிருந்து வணிக அளவு. கொக்கைனுக்கு 2 கிராம், 100 கிராம். எம்டிஎம்ஏவுக்கு அரை கிராம், 10 கிராம். இந்த எண்கள் தெரியாத நிருபர் ‘பெரும் கடத்தல் மன்னன் கைது’ என்று எழுதிவிட்டு, மூன்றாம் நாள் அந்த மன்னன் ஜாமீனில் வந்து பான் கடையில் நிற்பதைப் பார்த்து விழிப்பார். இன்னொன்று. நிரூபிப்பதற்காக நானே வாங்கிக் காட்டுகிறேன் என்று ரகசியக் காமிராவோடு கிளம்பாதீர்கள். வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். பத்திரிகையாளருக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு கிடையாது. 2007இல் டில்லி ஆசிரியை ஒருவர்மேல் ஒரு தொலைக்காட்சி போலி ரகசியக் காமிராச் செய்தி போட்டு, கூட்டம் அவரைத் தெருவில் போட்டு அடித்தது. பின்னால் எல்லாம் சோடனை என்று தெரிந்தது.

பார்க்க வேண்டியது காகிதங்களை. உடல் சோதனைக்கு முன், மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று பிடிபட்டவரிடம் சொன்னார்களா? சட்டத்தின் 50ஆம் பிரிவு அது. மாதிரி என்றைக்கு எடுத்து, என்றைக்குத் தடயவியல் கூடத்துக்குப் போனது? பஞ்சநாமா எனப்படும் பறிமுதல் மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி யார்? ஒரு நீதிமன்றத்தில் நான் பார்த்தேன். பஞ்சநாமா தெலுங்கில் இருந்தது. சாட்சிக்குத் தெலுங்கு படிக்க வராது. குறுக்கு விசாரணையில் அவர் வெள்ளந்தியாக, ‘போடச் சொன்னார்கள், போட்டேன்’ என்றார். அரசு வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. செய்தியாளர் பெஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை. நானும் வேறு ஒரு வழக்குக்காகத்தான் போயிருந்தேன்.

நம் ஊர் இதில் சளைத்ததல்ல. அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன தோஃபான் சிங் வழக்கில் எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசுதான். 2023 ஜூலையில் சென்னைச் சிறப்பு நீதிமன்றத்தில் 22 கிலோ கஞ்சா வழக்கு ஒன்று தீர்ப்புக்கு வந்தது. மெரினா போலீசார் 2020இல் பிடித்த சரக்கு. சோதனைக்குப் போனதும் நீதிமன்றத்துக்கு வந்ததும் சேர்த்து நூறு கிராம். மீதி எங்கே? எலி தின்றுவிட்டது என்று பதில் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட இருவரும் விடுதலை. நாடு முழுக்கச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சரக்குக் கிடங்கின் பதிவேட்டைக் கேட்டு, எந்த மாதத்தில் எந்த மூட்டை எடை குறைந்தது என்று பார்த்து ஒரு தொடர் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளிநாட்டிலிருந்து இரண்டு பெயர்கள். 1980 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு கட்டுரை வெளியிட்டது. எட்டு வயதுச் சிறுவன் ஜிம்மி, ஹெராயினுக்கு அடிமை. எழுதியவர் ஜேனட் குக். ஊர் பதறியது, மேயர் பையனைத் தேடச் சொன்னார், போலீஸ் வீடு வீடாகத் தேடியது. மறு ஏப்ரலில் அந்தக் கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு. அடுத்த சில நாட்களில் தெரிந்தது: ஜிம்மி என்று ஒரு பையனே இல்லை. பரிசு திரும்பப் போனது. அந்த ஆசிரியர் குழுவில் இருந்தவர்கள் சாமானியர்கள் அல்ல, வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்தவர்கள். போதை என்றால் நம்பிவிட வேண்டும் என்ற மனநிலை அவர்களையும் கவிழ்த்தது.

மற்றவர் அயர்லாந்தின் வெரோனிகா கெரின். கணக்கியல் படித்தவர். டப்ளின் போதைத் தலைவர்களின் வீடு, குதிரை, கார், வருமான வரி என்று காசைப் பின்தொடர்ந்தார். 1996 ஜூன் 26 அன்று சிக்னலில் நின்ற காரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உலகப் போதை ஒழிப்பு நாளும் அதே தேதி. நாம் அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பதாகை பிடித்து நடக்கவிடுகிறோம். கெரினின் மரணத்துக்குப் பின், அதே ஆண்டு, குற்றத்தில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்யவென்றே அந்த நாடு தனி அமைப்பு ஏற்படுத்தியது. நம் சட்டத்திலும் சொத்து முடக்கப் பிரிவுகள் 1989லிருந்தே இருக்கின்றன. எத்தனை சொத்து முடக்கப்பட்டது, எத்தனை விடுவிக்கப்பட்டது என்று வருடத்துக்கு ஒருமுறை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க ஒரு மனு போதும்.

ஆசிரியர்களிடமும் பத்திரிகை முதலாளிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஒருவரின் கைதை எந்தப் பக்கத்தில், எத்தனை பத்தியில், எவ்வளவு பெரிய படத்தோடு போட்டீர்களோ, அவருடைய விடுதலையையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். அப்படிப் போட இடமில்லை என்றால் கைதையும் சிறிதாகப் போடுங்கள். கிரைம் நிருபருக்கு மாதத்தில் நாலு நாள் பிரஸ் மீட்டிலிருந்து விடுமுறை கொடுங்கள்.

மாணவர்களே, சென்னையில் போதைப்பொருள் வழக்குகளுக்கென்றே சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் நாம்பள்ளி இருக்கிறது. திறந்த நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். போன வருடம் செய்தியில் வந்த கைது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் குற்ற எண்ணைக் கண்டுபிடியுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று பாருங்கள். அன்று காலை பத்தரை மணிக்கு அங்கே போய் உட்காருங்கள்.